ஆயாவின் ரிப்போர்ட்டும் இதயம் சுரக்கும் ஹார்மோனும்

எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவில் வழக்கமாக யார் வீட்டுப் பிள்ளைக்கு என்ன மார்க், எந்த வீட்டில் எப்போது படைப்பு என்கிற மாதிரி செய்திகள்தான் ஓடும். போன தை மாதம் அதில் ஒரு ரத்தப் பரிசோதனைத் தாள் வந்து விழுந்தது. பள்ளத்தூரில் இருக்கும் ஆயாவுடையது. ‘என்.டி. புரோ பி.என்.பி. 2,860’ என்று தடித்த எழுத்தில் இருந்தது. பக்கத்திலேயே ‘இயல்பு அளவு: 125-க்குக் கீழ்’. சிங்கப்பூரில் இருக்கும் அத்தான் உடனே வகுத்துப் பார்த்து ‘கிட்டத்தட்ட 23 மடங்கு!’ என்று போட்டார். அப்புறம் ஆளாளுக்குக் கூகுளில் தேடியதும், கிடைத்ததையெல்லாம் குழுவில் கொட்டியதும், சின்னம்மான் அழாத குறையாக என்னைக் கூப்பிட்டதும் ஒரே சாயங்காலத்தில் நடந்து முடிந்தன.

நான் காரைக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். டாக்டர் இல்லை. ஆனால் வீட்டில் யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் ரிப்போர்ட்டைப் ‘படித்துச் சொல்ல’ வேண்டிய பொறுப்பு என் தலையில்தான் விழும். இந்த எண்ணைப் பற்றி நான் சொல்ல நினைத்தது ஒன்றுதான். அது இதயம் எவ்வளவு கெட்டுப்போயிருக்கிறது என்பதன் மதிப்பெண் இல்லை. பாரம் தாங்காத இதயம் அதைக் குறைத்துக்கொள்ளத் தானே ஒரு ஹார்மோனைத் தயாரித்து அனுப்புகிறது. எவ்வளவு மும்முரமாகத் தயாரிக்கிறது என்பதைத்தான் அந்த எண் காட்டுகிறது. வாட்ஸாப்பில் இதை எழுதினால் யார் படிக்கப்போகிறார்கள்? அதனால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

கல்லூரியில் நாளமில்லாச் சுரப்பிகள் என்று பாடம் எடுக்கும்போது பிட்யூட்டரி, தைராய்டு, கணையம், அட்ரீனல் என்று வரிசையாக வரும். இதயம் அந்த வரிசையில் வராது. வேறு பாடத்தில், ரத்தத்தை இறைக்கும் பம்பாக மட்டும் வந்துவிட்டுப் போகும். பாடத்திட்டத்தின் பிழை என்று சொல்ல மாட்டேன், ஆனால் குறை. இதயம் ஹார்மோன் சுரக்கிறது என்று உறுதியாகி 40 வருஷத்துக்கு மேல் ஆகிறது.

செய்முறை வகுப்புக்குக் கறிக்கடையில் ஆட்டு இதயம் வாங்குவோம். சும்மா கேட்டால் கடைக்காரர் மேல்பகுதியைச் சீவி எறிந்துவிட்டுக் கெட்டியான சதையை மட்டும் தருவார். சமையலுக்கு அதுதான் வேண்டும். ‘முழுசா, மேலே இருக்கிற தோலோட வேணும்ணே’ என்று சொல்லி வாங்க வேண்டும். அவர் ‘தோல்’ என்று வெட்டி எறிவதுதான் மேலறைகள். கையில் எடுத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். கீழறையின் சுவர் விரல் தடிமன் இருக்கும், அழுத்தினால் எதிர்த்து நிற்கும். மேலறையின் சுவர் மெலிசு. ஓரத்தில் சுருங்கிய மடலாக ஒரு பகுதி தொங்கும். விரலை உள்ளே விட்டு விரித்தால் சுலபமாக விரிந்து கொடுக்கும். உடம்பில் ரத்தம் கொஞ்சம் கூடினாலும் முதலில் விரிவது அந்த இடம்தான். ஹார்மோனும் அங்கேதான் நிறைந்து கிடக்கிறது.

இதைக் கண்டுபிடித்த கதை வேடிக்கையானது. 1956-இல் புரூனோ கிஷ் என்பவர் கினிப்பன்றியின் மேலறைச் செல்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது உட்கருவை ஒட்டி அடர்த்தியான சிறு துகள்கள் தெரிந்தன. கீழறைச் செல்களில் அவை இல்லை. அதே 1956-இல், ஹென்றி, காவர் முதலியோர் நாயின் இடது மேலறைக்குள் ஒரு சிறு பலூனை ஊதி அதை விரித்தார்கள். நாய்க்குச் சிறுநீர் அதிகமாகப் போனது. ஒரே வருஷத்தில் இரண்டு துப்புகளும் கிடைத்துவிட்டன. ஆனால் இரண்டையும் இணைக்க 25 வருஷம் ஆனது. நடுவில் 1964-இல் ஜேமிசனும், பின்னால் நோபல் பரிசு வாங்கிய ஜார்ஜ் பலாடேயும் அந்தத் துகள்களை விரிவாக ஆராய்ந்து, பார்ப்பதற்கு இவை ஹார்மோன் சுரக்கும் செல்களில் இருக்கும் துகள்களைப் போலவே இருக்கின்றன என்று எழுதினார்கள். அதற்கு மேல் நகரவில்லை.

அர்ஜென்டினாவில் பிறந்து கனடாவுக்குப் போன அடோல்ஃபோ டி போல்ட்தான் அதைப் பிடித்துக்கொண்டார். எலிகளுக்கு உப்பையும் தண்ணீரையும் கூட்டிக் குறைத்தால் அந்தத் துகள்களின் எண்ணிக்கை மாறுவதைக் கவனித்தார். பிறகு செய்தது கேட்பதற்கு மிகச் சாதாரணமான சோதனை. எலியின் மேலறையை அரைத்துச் சாறெடுத்து இன்னொரு எலியின் ரத்தத்தில் செலுத்தினார். சில நிமிஷங்களில் சிறுநீர் சுமார் 10 மடங்கும், அதில் வெளியேறும் சோடியம் 30 மடங்குக்கு மேலும் கூடின. ரத்த அழுத்தம் இறங்கியது. கீழறைச் சாற்றைச் செலுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. 1981-இல் இந்த முடிவு வெளியானது. அடுத்த சில வருஷங்களில் அந்தப் பொருள் என்ன என்பதும் தெரிந்தது. 28 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சிறு புரதம், ஏ.என்.பி. 1988-இல் ஜப்பானில் கங்காவா, மட்சுவோ ஆகியோர் இருந்த குழு பன்றியின் மூளையிலிருந்து இதன் தம்பியைப் பிரித்தெடுத்தது. அதுதான் பி.என்.பி. அதையும் முக்கியமாகச் சுரப்பது இதயம்தான் என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது.

இந்த ஹார்மோன்களின் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சிறுநீரகத்தின் வடிகட்டியில் வடியும் அளவைக் கூட்டும். உப்பை வெளியே தள்ளும், அதோடு தண்ணீரும் போகும். ரத்தக்குழாய்களைத் தளர்த்தும். உப்பைப் பிடித்துவைக்கச் சொல்லும் ரெனினையும் ஆல்டோஸ்டிரோனையும் அடக்கும். மொத்தத்தில் இதயத்துக்கு வந்துசேரும் பாரம் குறையும்.

ஆயாவின் கஷ்டம் இங்கேதான் வருகிறது. இந்தப் பரிசோதனைக்குப் பல மாதம் முன்பிருந்தே அவர் சொல்லிக்கொண்டிருந்தது மூச்சு வாங்குவதைப் பற்றி இல்லை. ‘ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சுப் போறதுலயே தூக்கம் போச்சு’ என்பதுதான். செட்டிநாட்டு வீட்டைத் தெரிந்தவர்களுக்கு இதன் அர்த்தம் புரியும். முகப்பு ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். வளவுப் பத்தியில் கட்டில். அங்கிருந்து இரண்டாங்கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டிப் பின்கட்டுக்குப் போனால்தான் குளியலறை. ஒவ்வொரு நிலைக்கும் ஒரு உயரமான படி. பகலிலேயே பார்த்துக் கால் வைக்க வேண்டும். எழுபத்தெட்டு வயதில் இருட்டில், வழவழவென்ற ஆத்தங்குடிக் கல்லில் வெறுங்காலோடு அந்தத் தூரத்தைப் பல தடவை நடப்பது இருக்கிறதே, இதய நோயைவிட அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பகலில் அவ்வளவு போவதில்லையாம், படுத்தால்தான். சர்க்கரையாக இருக்கும் என்று பார்த்தோம், இல்லை. ‘வயசானா அப்படித்தான்’ என்று சொன்னவர்களும் உண்டு. ஒரு சாயங்காலம் ஆயா திண்ணையில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தபோது முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்துக் கொஞ்ச நேரம் அழுத்தி எடுத்தேன். குழி விழுந்தது விழுந்தபடியே இருந்தது. தோல் பளபளவென்று இழுத்துக் கட்டியதாக இருந்தது. காலையில் பார்த்தால் அந்த வீக்கம் பாதிக்கு மேல் வற்றியிருக்கும்.

வற்றிய தண்ணீர் எங்கே போகிறது? படுத்ததும் காலில் தேங்கியது மெல்ல ரத்தத்துக்குத் திரும்புகிறது. ரத்தம் மார்புப் பக்கம் கூடுகிறது, மேலறைகள் விரிகின்றன, ஏ.என்.பி. வெளியே வருகிறது, சிறுநீரகம் உப்பையும் நீரையும் தள்ளுகிறது. எழுந்து பின்கட்டுக்கு நடக்க வேண்டியதாகிறது. இரவில் அடிக்கடி போவதற்கு வேறு காரணங்களும் நிறைய உண்டு. மூத்த ஆண்களுக்கு புரோஸ்டேட், சிலருக்கு உறக்கத்தில் மூச்சு அடைபடும் கோளாறு. இந்தக் கடைசிக் கோளாறிலும் மேலறை இழுபட்டு இதே ஹார்மோன் கூடுவதுண்டு என்பது தனிக்கதை. ஆயா விஷயத்தில் கால் வீக்கமும் இரவு நடையும் சேர்ந்து இருந்ததால் இதயத்தைப் பார்க்கச் சொன்னேன்.

நோய் இல்லாதவர்களுக்கும் இது நடப்பதுதான். கண்மாயில் தண்ணீர் நிறைந்திருக்கும்போது கழுத்தளவில் நின்று ஆட்டம் போடும் பையன்களைப் பாருங்கள். கரையேறியதும் நேரே மறைவிடம் தேடி ஓடுவார்கள். தண்ணீரின் அழுத்தம் காலிலும் வயிற்றிலும் இருக்கும் ரத்தத்தை மார்புக்குத் தள்ளிவிடுகிறது. ஆய்வகத்தில் ஆட்களைக் கழுத்துவரை தண்ணீரில் உட்காரவைத்து அளந்தபோது ஏ.என்.பி. கூடுவது தெளிவாகத் தெரிந்தது. திடீரென்று இதயம் படபடவென்று அடித்து அடங்கும் கோளாறு உள்ளவர்கள் சிலர் ‘அது நின்னதும் தண்ணி தண்ணியாப் போகுது’ என்பார்கள். அதற்கும் மேலறைதான் காரணம்.

சரி, மேலறை விரிந்தது. அது செல்லுக்குள் எப்படித் தெரிகிறது? துகள்கள் எப்படி வெளியே வருகின்றன? எனக்கு இதில்தான் ருசி அதிகம். அதனால் கொஞ்சம் நிதானமாகவே போகிறேன்.

மேலறையின் தசைச் செல் ஒரு விசித்திரமான பிறவி. சுருங்கி விரிவது அதன் முழுநேர வேலை. கூடவே சுரப்பியாகவும் இருக்கிறது. துகள்கள் ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கோ நாலாயிரத்தில் ஒரு பங்கோதான் இருக்கும். அவற்றுக்குள் ஹார்மோன் இறுதி உருவத்தில் இல்லை. 126 அமினோ அமிலங்கள் கொண்ட நீளமான முன்வடிவமாகக் கிடக்கிறது. துகள் செல்லின் சவ்வோடு ஒன்றித் திறக்கும் நேரத்தில், சவ்வின் மேல் உட்கார்ந்திருக்கும் கோரின் என்ற நொதி அதை 98-க்கு அப்பால் வெட்டுகிறது. மீதி 28 ஏ.என்.பி. ஆகிறது. வாசலைத் தாண்டும்போதுதான் அதற்கு வீரியமே வருகிறது.

இதில் எப்போதும் கசிந்துகொண்டிருக்கும் ஒரு வழி உண்டு. யாரும் சொல்லாமலே கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுவது. அது தவிர, விரிந்தால் திறக்கும் வழி ஒன்று. இரண்டும் வேறு வேறு என்பதைக் காட்டிய சோதனை எனக்குப் பிடித்தமானது. செல்லின் வெளியிலிருந்து வரும் செய்தியை உள்ளே கடத்தும் ஜி புரதங்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. அதில் ஒரு பிரிவை மட்டும் முடக்கிவிடும் ஒரு நச்சு இருக்கிறது. கக்குவான் இருமலை உண்டாக்கும் பாக்டீரியாவின் நச்சு. டி போல்ட்டின் ஆய்வகத்தில் எலியின் மேலறைக்கு அந்த நச்சைக் கொடுத்துவிட்டு அதை விரித்துப் பார்த்தார்கள். சுவர் விரிந்தது. ஆனால் விரிந்ததற்காகக் கூட வேண்டிய ஏ.என்.பி. கூடவில்லை. வழக்கமான கசிவு மட்டும் நிற்காமல் நடந்தது. ஆக, இழுப்பு என்ற வெறும் பௌதிக விஷயத்தை ‘திற’ என்ற கட்டளையாக மாற்றும் இடத்தில் அந்த ஜி புரதம் நிற்கிறது.

கட்டளை சவ்வின் இழுப்பிலிருந்து மட்டும் வருவதில்லை. இதயத்தின் உட்சுவரைப் போர்த்தியிருக்கும் மெல்லிய படலச் செல்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. அவையும் விரிவதை உணர்ந்து எண்டோதீலின் என்ற பொருளை வெளியிடுகின்றன. எண்டோதீலின் தசைச் செல்லின் ஏற்பியில், அதாவது வெளிச்செய்தியை வாங்கிக்கொள்ளும் புரதத்தில், போய் உட்கார்ந்ததும் வேறொரு ஜி புரதம் விழிக்கிறது. அது பாஸ்போலைபேஸ் சி என்ற நொதியை ஏவுகிறது. அந்த நொதி சவ்வில் இருக்கும் கொழுப்பு மூலக்கூறு ஒன்றை இரண்டாக உடைக்கிறது. ஒரு துண்டு உள்ளே போய்ச் சேமிப்பில் இருக்கும் கால்சியத்தைத் திறந்துவிடுகிறது. இன்னொரு துண்டு சவ்விலேயே நின்று புரோட்டீன் கைனேஸ் சி என்ற நொதியை இயக்குகிறது. இந்தப் பாதையின் முடிவிலும் துகள்கள் வெளியேறுவது கூடுகிறது. ரத்தக்குழாய்களை இறுக்கும் ஆஞ்சியோடென்சினும் அட்ரீனலின் வகையறாக்களில் சிலவும் ஏறக்குறைய இதே பாதையைத்தான் பிடிக்கின்றன.

எண்டோதீலினை அனுப்பும் அதே படலச் செல்கள்தான் நைட்ரிக் ஆக்ஸைடையும் அனுப்புகின்றன. அது சொல்வது நேர் எதிர்: ‘கொஞ்சம் பொறு’. நைட்ரிக் ஆக்ஸைடு தசைச் செல்லுக்குள் சைக்ளிக் ஜி.எம்.பி. என்ற பொருளைக் கூட்டுகிறது, அது ஏ.என்.பி. வெளியேறுவதைத் தணிக்கிறது. இதில் ஒரு அழகு உண்டு. ஏ.என்.பி. வெளியே போய்ச் சிறுநீரகத்திலும் ரத்தக்குழாயிலும் வேலை செய்வதும் இதே சைக்ளிக் ஜி.எம்.பி. மூலம்தான்.

இனி கால்சியம். வகுப்பில் கெட்டிக்காரப் பிள்ளை ஒருத்தி இருந்தால் கட்டாயம் கேட்கும் கேள்வி இது. கணையமோ நரம்பு செல்லோ எதையாவது சுரக்க வேண்டும் என்றால் உள்ளே கால்சியம் ஏற வேண்டும், அதுதான் பொதுவிதி. ஆனால் இதயத் தசைச் செல்லில் ஒவ்வொரு துடிப்புக்கும் கால்சியம் ஏறி இறங்குகிறது, நிமிஷத்துக்கு எழுபது தடவை. அப்படியென்றால் ஒவ்வொரு துடிப்புக்கும் துகள்கள் எல்லாம் கொட்டித் தீர்ந்துபோக வேண்டாமா? தீரவில்லையே! இந்தக் கேள்விக்கு ஆய்வகங்கள் கொடுத்த பதில்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. கால்சியத்தைக் கூட்டினால் சுரப்பு கூடுகிறது என்று சிலர் கண்டார்கள். வெளியே இருக்கும் கால்சியத்தைக் குறைத்தால்தான் கூடுகிறது என்று வேறு சிலர். சுருங்குவதற்கான கால்சியமும் சுரப்பதற்கான கால்சியமும் செல்லுக்குள் வேறு வேறு மூலைகளில் இயங்குகின்றன என்று ஒரு விளக்கம் உண்டு. பாடப்புத்தகம் எழுதுபவர்கள் இந்த இடத்தை ஒரே ஒரு அம்புக்குறியால் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அது சம்மதமில்லை. பிள்ளைகளிடம் ‘இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறார்கள்’ என்றே சொல்லிவிடுகிறேன்.

இதுவரை சொன்னது மேலறையின் கதை. ஆயாவின் தாளில் இருந்தது அதன் தம்பி, கீழறையின் சமாசாரம். இரண்டும் வேலை செய்யும் விதமே வேறு. எங்கள் வீட்டு ஊறுகாய் ஜாடிகள் இருக்கிற மாதிரி ஏ.என்.பி. தயாராக இருப்பில் இருக்கிறது. ஆள் வந்தால் எடுத்துப் பரிமாற வேண்டியதுதான். பி.என்.பி. அப்படியில்லை, விருந்தாள் வாசலில் காலெடுத்து வைத்த பிறகு மாவாட்டி ஊற்றும் வெள்ளைப் பணியாரம். கீழறைச் செல்லில் இருப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. சுவர் இழுபட்டால் ஜீனிலிருந்தே தொடங்க வேண்டும்.

அதனால் இங்கே சமிக்ஞைகள் போய்ச் சேரும் இடம் செல்லின் உட்கரு. இழுப்பு, எண்டோதீலின், ஆஞ்சியோடென்சின் எல்லாம் சேர்ந்து, ஒன்றையொன்று தட்டி எழுப்பும் கைனேஸ் நொதிகளின் தொடர்களை இயக்குகின்றன. பி38 என்பது அவற்றில் முக்கியமான ஒன்று. கால்சியம் கூடுதலாகவே நீடித்தால் கால்சிநியூரின் என்ற நொதி தனிப்பாதை ஒன்றைத் திறக்கிறது. இவை எல்லாம் உட்கருவுக்குள் போய் காட்டா4 போன்ற புரதங்களைத் தூண்டிவிட, பி.என்.பி. ஜீன் படியெடுக்கப்படுகிறது. ஒரு மணி நேரத்துக்குள் படிகள் கூடுவதைச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். அந்தப் படிகளின் வால்பகுதியிலேயே சீக்கிரம் அழிந்துபோவதற்கான குறியீடு எழுதியிருக்கிறது. தேவை தீர்ந்தால் தயாரிப்பும் சட்டென்று நிற்க வேண்டும் என்பதற்காக.

இன்னொரு சங்கதி. கருவில் இருக்கும்போது கீழறையும் ஏ.என்.பி. தயாரிக்கும். பிறந்த பிறகு அந்த ஜீன் அங்கே அடங்கிப்போகும். வருஷக்கணக்கில் ரத்த அழுத்தத்தோடு மல்லுக்கட்டிக் கீழறைச் சுவர் தடித்துப்போனால், எப்போதோ அடங்கிய அந்த ஜீன் மறுபடியும் விழித்துக்கொள்கிறது. ஆயாவுக்கு ரத்த அழுத்தம் முப்பது வருஷமாக உண்டு. மாத்திரையை ஒழுங்காகப் போட்டார் என்று சொல்ல முடியாது. மோர் மிளகாயும் உப்புக்கண்டமும் இல்லாமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

பி.என்.பி.யும் முதலில் 108 அமினோ அமிலங்கள் கொண்ட முன்வடிவமாகத்தான் வருகிறது. வெட்டுப்பட்டால் 32 கொண்ட பி.என்.பி. ஒரு துண்டு, 76 கொண்ட மீதி இன்னொரு துண்டு. அந்த மீதித் துண்டுதான் என்.டி. புரோ பி.என்.பி. அதற்கென்று ஒரு வேலையும் இல்லை. ஆனால் ரத்தத்தில் அதிக நேரம் தங்கும். ஏ.என்.பி. சில நிமிஷங்களிலேயே பாதியாகிவிடும், பி.என்.பி.க்கு சுமார் 20 நிமிஷம், இந்தத் துண்டுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல். அளப்பதற்குத் தோதாக இருப்பதால் ஆய்வகங்கள் அதை விரும்புகின்றன.

இந்த எண்ணை வைத்துக்கொண்டு வகுத்தல் கணக்குப் போடக் கூடாது என்று அத்தானுக்கு எழுதினேன். 125 என்பது எல்லா வயதினருக்கும் சேர்த்து அச்சடித்த எல்லை. மூச்சுத் திணறலோடு அவசர சிகிச்சைக்கு வருபவர்களில் இது இதயச் செயலிழப்புதான் என்று எடுத்துக்கொள்ள 50 வயதுக்குக் கீழே 450, 75 வரை 900, அதற்கு மேல் 1,800 என்று வயதுக்கு வயது வேறு எல்லை வைத்திருக்கிறார்கள். 300-க்குக் கீழே இருந்தால் அநேகமாக அது இல்லை என்று ஒதுக்கிவிடலாம். சிறுநீரகம் பழுதானாலும் எண் கூடும், மேலறை ஒழுங்கில்லாமல் துடித்தாலும் கூடும். பருமனானவர்களுக்கு நோய் இருந்தும் குறைவாகக் காட்டும். ஆயாவின் எண் இந்தத் தள்ளுபடிகள் எல்லாம் போகவும் அதிகம்தான், அதை நான் மறைக்கவில்லை. காரைக்குடியில் எக்கோ எடுத்தார்கள். கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேற்றும் பங்கு 35 சதவீதம் என்று வந்தது. 55-க்கு மேல் இருக்க வேண்டும்.

‘இம்புட்டு மருந்தை இதயமே தயாரிக்குதுன்னா வீக்கம் ஏன்டி ஆத்தா வடியல?’ என்று ஆயா கேட்டார். நல்ல கேள்வி. பல காரணங்கள் உண்டு. எதிர்த்தரப்பில் ரெனினும் ஆல்டோஸ்டிரோனும் அட்ரீனலினும் இன்னும் பலமாக நிற்கின்றன. சிறுநீரகத்தில் ஹார்மோனைக் கேட்க வேண்டிய ஏற்பிகள் மந்தமாகிவிடுகின்றன. அது போக, செயலிழந்த இதயம் அவசரத்தில் அனுப்புவதில் பெரும்பங்கு சரியாக வெட்டுப்படாத முன்வடிவம். அதற்கு வீரியம் குறைவு. ஆய்வகக் கருவிக்கு அதுவும் கணக்கில் சேரும், சிறுநீரகத்துக்குச் சேராது.

அப்படியென்றால் வெளியிலிருந்து பி.என்.பி.யையே ஊசியாகப் போட்டால் என்ன? போட்டுப் பார்த்துவிட்டார்கள். நெசிரிட்டைடு என்ற பெயரில் 2001-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2011-இல் வெளியான, 7,000 பேருக்கு மேல் பங்கேற்ற ஆய்வில் அதனால் குறிப்பிடும்படியான பலன் இல்லை என்று தெரிந்தது. அடுத்த யோசனை பலித்தது. ஹார்மோனைக் கூட்டுவதற்குப் பதிலாக அதை அழிக்கும் நொதியைத் தடுப்பது. நெப்ரிலைசின் என்பது அந்த நொதி. சாக்குபிட்ரில் என்ற மருந்து அதைத் தடுக்கிறது. ஆனால் நெப்ரிலைசின் ஆஞ்சியோடென்சினையும் அழித்துக்கொண்டிருந்ததே, அது கூடிப்போகுமே? அதற்காகத்தான் ஆஞ்சியோடென்சினை வேலை செய்யவிடாமல் தடுக்கும் வல்சார்டனையும் சேர்த்து ஒரே மாத்திரையாகக் கொடுக்கிறார்கள். 2014-இல் 8,399 பேரிடம் நடந்த ஆய்வில், பழைய மருந்தான எனலாப்ரிலைவிட இந்தக் கூட்டு மாத்திரை எடுத்தவர்களுக்கு இதய நோயால் இறப்பதும் செயலிழப்பால் ஆஸ்பத்திரியில் சேர்வதும் 20 சதவீதம் குறைந்திருந்தன. ஆயாவுக்கும் டாக்டர் அதைத்தான் எழுதினார். கூடவே நீர் மாத்திரையும், உப்புக்குத் தடையும். உப்புக்கண்டத்துக்குத் தடை என்றதும் ஆயா டாக்டரைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

பங்குனியில் ஆயா மதுரையில் சின்னம்மான் வீட்டுக்குப் போயிருந்தபோது அங்கே ஒரு பரிசோதனைக் கூடத்தில் மறுபடியும் ரத்தம் கொடுத்தார். தாள் குழுவுக்கு வந்தது: ‘பி.என்.பி. 640’. அத்தான் கைதட்டல் படங்களாகப் போட்டுத் தள்ளினார், ‘2,860-லிருந்து 640! மருந்து பிரமாதம்’ என்று. நானும் சந்தோஷப்பட்டிருக்கலாம்தான். ஆனால் முதல் தாளில் அளந்தது மீதித் துண்டு, இரண்டாவது தாளில் அளந்தது ஹார்மோன். ஒரே ஆளின் ஒரே ரத்தத்தில் அளந்தாலும் முதலாவது எண் இரண்டாவதைவிடப் பல மடங்கு கூடுதலாகத்தான் இருக்கும். இரண்டையும் கழித்துப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை. போதாததற்கு ஆயா இப்போது சாப்பிடுவது பி.என்.பி. அழியாமல் காக்கும் மாத்திரை. அதைச் சாப்பிடும்போது பி.என்.பி. கொஞ்சம் கூடுதலாகக் காட்டினால் அது மருந்தின் வேலையாகவும் இருக்கலாம், நோயின் வேலையாகவும் இருக்கலாம். மீதித் துண்டை நெப்ரிலைசின் தொடுவதில்லை. அதனால் இந்த மாத்திரையில் இருப்பவர்களுக்கு அதை அளப்பதுதான் தெளிவு. இதையெல்லாம் குழுவில் எழுதினேன். அத்தான் கைதட்டலை அழித்துவிட்டு ‘அப்ப மறுபடியும் எடுக்கச் சொல்லு’ என்றார்.

ஊருக்குத் திரும்பியதும் முதலில் பார்த்த அதே இடத்துக்குக் கூட்டிப்போனேன். சீட்டில் என்.டி. புரோ என்று முழுசாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் கொடுத்தேன். கவுன்டரில் இருந்த பெண் தொகையைச் சொன்னதும் ஆயா என் கையைப் பிடித்து இழுத்தார். ‘ரெண்டாயிரத்துச் சொச்சமா? முன்னெல்லாம் விடியிறதுக்குள்ள நாலஞ்சு தரம் போவேன், இப்ப ஒரு தரம்தான். இதை டாக்டர்கிட்டச் சொன்னா அவருக்குப் புரியாதா?’

டாக்டரிடமும் அதையே சொன்னார். டாக்டர் அதைச் சீட்டில் குறித்துக்கொண்டார், காலையும் அழுத்திப் பார்த்தார். தினமும் காலையில் எழுந்ததும் எடை பார்த்து எழுதி வையுங்கள், இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் எண்ணுக்குக் காத்திருக்காமல் உடனே வாருங்கள் என்றார். ரத்தமும் கொடுக்கச் சொன்னார். 1,390 வந்தது. இரண்டாங்கட்டில் எடை மெஷின் வாங்கி வைத்திருக்கிறோம். பழைய கணக்கு நோட்டு ஒன்றில் ஆயா தன் கைப்பட எழுதி வருகிறார், எடை ஒரு பத்தி, ராத்திரி எழுந்தது இன்னொரு பத்தி.